பிரித்துக் கொடுக்கலாமா

மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்த போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. சின்னவள் திருப்பிப் பார்த்தாள். ஓர்ப்படி, கணவனின் அண்ணன் மனைவி. தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் கூட்ட அறையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தவளே இவள்தான். "ஒரு நிமிஷம்" என்று கையைக் காட்டிவிட்டுக் கண்ணாடிக் கதவுப் பக்கமாக நகர்ந்தாள்.

"ஏம்மா, மாமாவுக்கு அந்த கேப்சூல் தொண்டையில எறங்கவே மாட்டேங்குது. நேத்தும் துப்பிட்டாரு. பிரிச்சுக் கொடுக்கலாமா?"

"கொடுங்கக்கா. பிரிச்சு எதுலயாவது கலந்து கொடுங்க, ஒண்ணும் ஆகாது. மீட்டிங்ல இருக்கேன், வச்சிரட்டுமா?"

"சரி சரி, நீ பாரு."

அவ்வளவுதான் பேச்சு. போனை வைத்துவிட்டுத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அன்றைக்கு அவள் பேசியது அந்தக் கேப்சூலைப் பற்றியேதான். மற்ற ஆன்டிபயாடிக்கையெல்லாம் காலை, மதியம், ராத்திரி என்று விழுங்க வேண்டியிருக்கும்போது, இதை ஒரு நாளைக்கு ஒன்று போட்டால் போதும். உள்ளே இருப்பது தூள் இல்லை, குருணை. ஒவ்வொரு குருணைக்கும் மேலே ஒரு மெல்லிய பூச்சு. வயிற்றுக்குள் போனபிறகு அந்தப் பூச்சின் வழியாக மருந்து கசிந்து கசிந்து நாள் முழுக்க வெளியே வரும். அந்தப் பூச்சை உருவாக்கியவள் இவள். கடைக்கு வந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. வந்தவர்கள் தலையாட்டினார்கள், கை கொடுத்தார்கள். பிரிக்கலாம், ஆனால் குருணையை நசுக்கக் கூடாது என்ற பாதி தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது என்பது அவளுக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை.

மாமனார் ரயில் ஓட்டியவர். ஓய்வு பெற்றபின்னும் வீட்டில் யாராவது தாமதமாகக் கிளம்பினால் "சிக்னல் விழுந்தாச்சு, வண்டி நிக்காது" என்று கத்துவார். ஒரு பக்கவாதம் வந்து போனதில் இடது பக்கம் தளர்ந்து, தொண்டையும் கொஞ்சம் மக்கர் செய்தது. அவர் இருந்தது மூத்த மகன் வீட்டில். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூக்கி உட்காரவைப்பது எல்லாம் பெரியவள்தான். சின்னவள் தன் பங்குக்கு மருந்து வாங்கி அனுப்புவாள், யோசனை சொல்வாள், விசேஷ நாட்களில் பழக்கூடையோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவாள். யாரும் குறை சொன்னதில்லை. "அவளுக்கு ஆபீஸ்ல அத்தனை வேலை" என்று பெரியவளே பரிந்து பேசுவாள்.

நெஞ்சில் சளி கட்டி டாக்டர் இந்தக் கேப்சூலை எழுதிக் கொடுத்தபோது அந்த வீட்டில் ஒரே பெருமை. ஒரு நாளைக்கு ஒரு தடவை விழுங்கினால் போதும், தொண்டைக்குச் சிரமம் குறையும் என்றுதான் டாக்டரும் எழுதினார். மருந்துக்கடைக்காரரிடம் மாமனார் போனிலேயே "இது யார் செஞ்சதுன்னு தெரியுமா? என் சின்ன மருமக" என்று குழறலோடு சொல்லியிருக்கிறார். கேப்சூல் சுண்டுவிரல் நுனி தண்டி. இரண்டு நாள் துப்பினார். பிறகுதான் பெரியவள் போன் செய்தாள்.

அந்த வார இறுதிக்குள் சின்னவளுக்கு வேறொரு போன் வந்தது. கணவன்.

"அப்பா பாத்ரூம்ல விழுந்துட்டாரு. இடுப்புன்னு சொல்றாங்க. ஆஸ்பத்திரிக்கு வந்துரு."

அவள் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடினாள். அவசரப் பிரிவின் திரைக்குப் பின்னால் மாமனார் கண்ணை மூடிக் கிடந்தார். முகம் சுண்டிப்போய், உதடு வெடித்திருந்தது. கால்மாட்டில் மூத்தவரும் பெரியவளும் நின்றார்கள். பெரியவளின் சேலையில் வாந்தியின் ஈரம் அப்படியே இருந்தது. டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. கேட்க வேண்டியதை வரிசையாகக் கேட்டாள்.

"வாந்தி எப்ப ஆரம்பிச்சது?"

"நாலஞ்சு நாளா இருக்கு டாக்டர். காலையில மருந்து கொடுத்த கொஞ்ச நேரத்துல தலை சுத்துதுன்னு சொல்லுவாரு. அப்புறம் வாந்தி. சாயங்காலம் கொஞ்சம் தெளிவாரு, ஆனா ராத்திரி மறுபடி காய்ச்சல். ஒடம்பு பலவீனம்னு நினைச்சேன்."

"மருந்தை எப்படிக் கொடுத்தீங்க?"

"முழுங்க முடியல. பிரிச்சுப் பால்ல போட்டேன். குருணை குருணையா வாயில மணல் மாதிரி நெருடுதுன்னு துப்புனாரு. அதனால உரல்ல போட்டு நல்லா மாவா இடிச்சுக் கலந்து..."

"ஐயோ, இதை இடிக்கவே கூடாதும்மா! ஒரு நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா எறங்க வேண்டியது ஒரே மூச்சுல எறங்கியிருக்கும். இந்த வயசுல தாங்குமா? அதுல வந்த மயக்கந்தான் இது."

ரத்தத்தில் மருந்தின் அளவைக் காட்டும் வரைபடம் சின்னவளின் கண்முன் வந்து நின்றது. மெல்ல மெல்லச் சரிய வேண்டிய கோடு செங்குத்தாக எழும்பி, பிறகு பாதாளத்தில் விழும். காலையில் தலைசுற்றல், ராத்திரி மருந்தே இல்லாத உடம்பு, காய்ச்சல். பெரியவள் சொன்ன ஒவ்வொன்றும் அந்தக் கோட்டில் அச்சு அசலாகப் பொருந்தியது.

"உனக்கு மண்டையில மூளை இருக்கா?" மூத்தவர் மனைவி பக்கம் திரும்பினார். திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களும் எட்டிப் பார்க்கும் குரல். "மருந்தைப் போய் உரல்ல இடிப்பாங்களா? யாரைக் கேட்டு இடிச்சே? எங்கப்பனைக் கொன்னுருப்பியே!"

பெரியவள் தலையைத் திருப்பிச் சின்னவளை ஒரு தடவை பார்த்தாள். கோபமான பார்வைகூட இல்லை அது. கதவைத் தட்டிவிட்டு, திறப்பார்கள் என்று வெளியே நிற்கிறவர்களின் பார்வை.

சின்னவள் வாயைத் திறந்தாள். அதே நேரம் எலும்பு டாக்டர் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். உடனே அறுவை சிகிச்சை என்றார், ரத்தம் வேண்டும் என்றார். எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். சின்னவள் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், இப்போது அதற்கா நேரம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டபோது, ஒரு சின்ன நிம்மதியும் கூடவே வந்தது. பின்னாளில் அவளை அதிகம் கூசவைத்தது அந்த நிம்மதிதான்.

இடுப்பில் தகடு வைத்துத் தைத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் மாமனார் சுற்றிலும் பார்த்துவிட்டு, "என்ன, வண்டி தடம் புரண்டுருச்சா?" என்றார். எல்லோரும் அழுகையும் சிரிப்புமாக நின்றார்கள். சின்னவள் மட்டும் வெளியே வந்து, மாடிப்படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் ஆளே மாறிப்போனாள். விடுப்பு எடுத்தாள். துணிகளை வாங்கித் துவைத்தாள், சூப் வைத்து எடுத்து வந்தாள், படுக்கைப் புண் வராமல் இருக்க அவரைப் புரட்டிப் படுக்கவைக்க நர்சிடம் கற்றுக்கொண்டாள். உறவுக்காரர்கள் வந்தார்கள். "வேலைக்குப் போற பொண்ணு, இருந்தும் எப்படிப் பாத்துக்குறா பாரு" என்று அவள் காதுபடவே மெச்சினார்கள். அந்த வாக்கியம் முடிகிற இடத்தில் அவர்கள் கண் தானாகப் பெரியவள் பக்கம் போகும். பெரியவள் ஜன்னல் ஓரத்து நாற்காலியில் பழத்தோல் உரித்துக்கொண்டிருப்பாள். புகழ்ச்சி ஒவ்வொன்றும் சின்னவளுக்கு முதுகில் சூடு போட்டதுபோல் இருந்தது. இருந்தாலும் அடுத்த நாளும் சூப் வைத்தாள். வாயால் சொல்ல முடியாததைக் கையால் ஈடுகட்டிவிடலாம் என்று எங்கேயோ ஒரு நப்பாசை.

கணவனிடமாவது சொல்லலாம் என்று ஒரு தடவை ஆரம்பித்தாள். "உங்க அண்ணி பாவம்ங்க" என்றாள். "பாவந்தான், ஆனா அதுக்காக இடிப்பாங்களா?" என்றான் அவன். அவள் மென்று முழுங்கினாள்.

இடையில் ஒரு நாள் ஆய்வகத்துக்குப் போனாள். யாரும் கேட்கவில்லை, இருந்தும் ஒரு சோதனை போட்டாள். உடம்புச் சூட்டில் வைத்த தண்ணீர்க் குடுவைகளில் துடுப்புகள் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு குடுவையில் முழுக் குருணை, இன்னொன்றில் கல்வம் என்கிற குட்டி உரலில் இட்டு அரைத்தது. என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். வந்தது. அரைத்தது போட்ட கையோடு கரைந்து காலியாகிவிட்டது. முழுக் குருணை அதன்பாட்டுக்கு, அவள் பழக்கிவிட்டதுபோலப் பொறுமையாகக் கசிந்துகொண்டிருந்தது.

பிறகு மருந்து சேர்க்காத வெறும் குருணையைக் கொஞ்சம் பாலில் கலந்து வாயில் போட்டுப் பார்த்தாள். மணல்தான். பல்லிடுக்கில் நறநறவென்றது. இத்தனை வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட இதை நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை.

பரிசோதனைப் பிரிவுப் பெண் அப்போதுதான் உள்ளே வந்தாள். இதை முதலில் சொன்னதே அவள்தான். கேப்சூல் உருவாகிக்கொண்டிருந்த காலத்தில், "குருணை கொஞ்சம் பெருசா இருக்கு மேடம், வாயில நெருடும்" என்றாள். குருணையைச் சின்னதாக்கினால் பூச்சு இயந்திரத்தின் சூடான காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டி கட்டியாக விழுந்தது. சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும். மேலிடத்தில் அவசரப்படுத்தினார்கள். "கேப்சூல்னா முழுங்கத்தானே? வாயில வச்சு யாரு சுவைக்கப் போறாங்க?" என்று சின்னவள் சிரித்தபடி அந்தப் பேச்சை முடித்துவிட்டாள். அறையில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

"நீ அன்னைக்கே சொன்னே" என்றாள் இப்போது.

"எதை மேடம்?"

"வாயில நெருடும்னு."

அந்தப் பெண் யோசித்தாள். "சொன்னேனா? எனக்கே மறந்துபோச்சு. ஏன் மேடம், ஏதாவது கம்ப்ளெயின்ட் வந்திருக்கா?"

"வந்திருக்கு" என்றாள் சின்னவள். யாரிடமிருந்து என்று சொல்ல நா எழவில்லை.

மாமனாரை வீட்டுக்கு அனுப்பும் நாள் நெருங்கியபோது நாத்தனார் வந்து சேர்ந்தாள். கையில் பெட்டியோடு வந்தாள். அப்பாவின் கையைப் பிடித்து அழுதுவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அண்ணா, அப்பாவை நான் கூட்டிட்டுப் போறேன்."

"உன் வீட்டுல மாடிப்படி ஏறணுமே" என்றார் மூத்தவர்.

"ஏறணும்னா தூக்கிட்டுப் போறேன். இங்க விட்டா அடுத்த தடவை என்னத்தை இடிச்சுக் கொடுப்பாங்களோ, யாருக்குத் தெரியும்? ஒரு மருந்து கொடுக்கத் தெரியாதவங்க கையில எங்கப்பாவை எப்படி விட்டுட்டுப் போறது?"

பெரியவள் தட்டில் வாழைப்பழத்தை மசித்துக்கொண்டிருந்தாள். கரண்டி நின்றது. அவள் கன்னம் துடித்ததைச் சின்னவள் பார்த்தாள். இத்தனை வருஷம் அந்த மனிதரின் நகத்தைக்கூட வெட்டிவிட்டவள். மூத்தவர் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்வார் என்று சின்னவள் எதிர்பார்த்தாள். அவர் கைக்கடிகாரத்தின் பட்டையைத் திருகிக்கொண்டிருந்தார்.

"நான்தான் கொடுக்கச் சொன்னேன்" என்றாள் சின்னவள்.

குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள்.

"அக்கா எனக்கு போன் பண்ணிக் கேட்டாங்க. பிரிச்சுக் கொடுக்கலாமான்னு. நான் மீட்டிங்ல இருந்தேன். கொடுங்க, ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிட்டு வச்சிட்டேன்."

கணவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். நாத்தனார்தான் முதலில் சுதாரித்துக்கொண்டாள்.

"நீ பிரிக்கத்தானே சொன்னே? இடிக்கச் சொல்லலையே?"

திறந்து வைத்த கதவு அது. கொஞ்சம் தலையை ஆட்டினால் போதும், வெளியே போய்விடலாம். ஆட்டவும் தோன்றியது.

"இடிச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். அவங்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாததாலதானே என்னைக் கேட்டாங்க. நசுக்காதீங்கன்னு ஒரு வார்த்தை நான் சொல்லல. அந்தக் குருணை நெருடும்னும் எனக்கு முன்னாலயே ஒருத்தி சொல்லியிருக்கா, நான் காதுல போட்டுக்கல. அக்கா மேல ஒரு தப்பும் இல்ல."

கட்டிலிலிருந்து மாமனார் இருமினார். "போதும், போதும். செத்தா போயிட்டேன்? தண்ணி கொடுங்க" என்றார். சின்னவள் எழுந்தாள். அதற்குள் பெரியவள் டம்ளரை எடுத்து, அவர் தலையைத் தாங்கி, வாயோரம் வழிந்ததை முந்தானையால் ஒற்றிவிட்டாள். பிறகு தட்டை மூடி வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனாள்.

சின்னவள் பின்னாலேயே போனாள். நடைபாதை முடிவில், லிஃப்டுக்குப் பக்கத்தில் பெரியவள் சுவரைப் பார்த்து நின்றிருந்தாள்.

"அக்கா, என்னை மன்னிச்சிருங்க."

"எதுக்கு?"

"நான் சரியாச் சொல்லாம..."

"அது பரபரப்புல யாருக்கும் வரும். நான்கூட ஒரு தடவை மாமாவுக்கு வேற மாத்திரையைக் கொடுத்திருக்கேன். அதுக்கெல்லாம் நான் உன்மேல கோவப்படல." பெரியவள் திரும்பினாள். கண்ணில் நீர் இல்லை. "என் புருஷன் அத்தனை பேர் முன்னாடி என்னை நாக்கைப் பிடுங்குற மாதிரி கேக்குறாரு. நீ பக்கத்துல நின்னு தரையப் பாக்குறே. அன்னைக்கு மட்டுமா? தினம் சூப்பைத் தூக்கிட்டு வந்தே. வர்றவங்கல்லாம் உன்னைத் தலையில தூக்கி வச்சுக் கொண்டாடுனாங்க. நான் பழத்தை உரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"நீங்களே சொல்லியிருக்கலாமேக்கா. ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்."

லிஃப்ட் வந்து நின்றது. யாரோ இறங்கினார்கள். பெரியவள் ஏறிக்கொண்டாள். கதவு மூடியது.

மாமனார் மூத்த மகன் வீட்டுக்கே திரும்பினார். நாத்தனார் பெட்டியோடு ஊர் போய்ச் சேர்ந்தாள். மூத்தவர் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று சின்னவளுக்குத் தெரியாது. அந்த வீட்டில் கொஞ்ச நாள் அவர் தட்டை அவரே கழுவினார் என்று மட்டும் கணவன் வந்து சொன்னான்.

வேலையிடத்தில் சின்னவள் நடந்ததை அப்படியே மேலாளரிடம் சொன்னாள். யார் வீட்டில் நடந்தது என்பதையும் மறைக்கவில்லை. அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

"நசுக்கக் கூடாதுன்னு உள்ள இருக்குற தாள்ல போட்டிருக்கோமே."

"எறும்பு ஊர்ற மாதிரி போட்டிருக்கோம் சார். அதை நான்தான் சரிபார்த்து அனுப்பினேன். எங்க மாமனாருக்கு மருந்து கொடுக்குறவங்களுக்கு நானே சொல்லல. மத்தவங்களுக்கு யாரு சொல்லுவா?"

"அந்த ஒரு ஆளுக்காக மொத்தத்தையும் திரும்ப ஆரம்பிக்கச் சொல்றீங்களா?"

"ஒரு ஆள்தான்னு நமக்கு எப்படித் தெரியும்?"

அவர் பூசி மெழுகிப் பார்த்தார். அவள் விடவில்லை. மருந்துப் பாதுகாப்புப் பிரிவுக்கு விஷயம் போனது. அவர்கள் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றும் ஆஸ்பத்திரித் திரைக்குப் பின்னால் கொண்டுபோய் அவளை நிறுத்தின. பதவி உயர்வுப் பேச்சு அதோடு அடங்கியது. கடைசியில் பெட்டியின் முகப்பிலேயே பெரிய எழுத்தில், நசுக்காதே, இடிக்காதே என்று படத்தோடு போட ஒப்புக்கொண்டார்கள். குருணையைச் சின்னதாக்கும் வேலையும் தொடங்கியது. பரிசோதனைப் பிரிவுப் பெண்ணும் அவளும் அந்த இயந்திரத்தின் முன் மாதக்கணக்கில் நின்றார்கள். கட்டி கட்டியாக விழுந்ததை வாரிக் கொட்டினார்கள். காற்றைக் குறைத்து, பூச்சைத் தெளிக்கும் வேகத்தைக் குறைத்து, மறுபடி ஓட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் வெறும் குருணையை முதலில் இருவரும் பாலில் போட்டுக் குடித்துப் பார்த்தார்கள். ஒருநாள் அந்தப் பெண் கண்ணை மூடிக் குடித்துவிட்டு, "மேடம், இதுல குருணை போட்டீங்களா இல்லியா?" என்று கேட்டாள். சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றும் போனது.

மாமனார் வாக்கரைப் பிடித்து நடந்தார். கூடத்திலிருந்து கழிப்பறை வரை, அங்கிருந்து கட்டில் வரை. தெருமுனைக்குப் போய் ரயில்வே சகாக்களோடு பேசிவிட்டு வருவது நின்றேபோனது. ஒரு நாள் சின்னவள் தனியாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எதையோ சொல்ல முடியாமல் அவர் போர்வையைச் சரிசெய்துகொண்டே இருந்தாள்.

"உன்மேல எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார் அவர். "நானே ஒரு தடவை சிவப்பைப் பாக்காம தாண்டியிருக்கேன். எதிர்ல வண்டி வரல, தப்பிச்சேன். உனக்கு வந்துருச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஆனா பெரியவகிட்ட உனக்காக நான் சிபாரிசு பண்ண மாட்டேன். அது உன் பாடு."

பெரியவள் சண்டை போடவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. போனால் உட்காரச் சொன்னாள், காபி கொடுத்தாள். ஆனால் மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. எந்தச் சந்தேகம் என்றாலும் முனைக்கடை மருந்துக்காரருக்குப் போன் போட்டாள். சின்னவள் எதிரில் உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான். பரிந்து பேசுவதும் நின்றுவிட்டது. ஆபீஸ்ல அவளுக்கு அத்தனை வேலை என்று இப்போது யாரும் சொல்வதில்லை.

பிறகு ஒரு நாள், காபி டம்ளரை எடுத்துக்கொண்டே பெரியவள் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமைல நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிட்டு வரலாம்னு இருக்கேன். இனிமே எல்லா ஞாயித்துக்கிழமையும். நீ வந்து மாமாவைப் பாத்துக்கோ."

கேட்கவில்லை, சொன்னாள். சின்னவள் சரி என்றாள். அப்போது நெஞ்சில் ஏதோ இளகியது. மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளத் துணிவு வரவில்லை. வேலையைப் பிரித்துக் கொடுத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை பெரியவள் நல்ல சேலை கட்டிக்கொண்டு, எது எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டுக் கிளம்பினாள். வாசலில் செருப்பு மாட்டும்போது, "எழுப்பி நிறுத்துறப்போ அவர் கக்கத்துல கையைக் கொடு. இழுக்காதே, உன் முதுகு போயிரும்" என்றாள். திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள்.

மாமனாரைக் குளிக்க வைக்க வேண்டும். சின்னவள் குனிந்து கக்கத்தில் கையைக் கொடுத்தாள். அவர் தன் முழு எடையோடு அவள்மேல் சாய்ந்தார். இத்தனை கனமாக இருப்பார் என்று அவள் நினைத்ததே இல்லை. இடுப்பு எலும்பு உள்ளே இடறுவதுபோல் அவர் முனகினார். அவளுக்கு மூச்சு முட்டியது. பெரியவள் இதைத் தினமும் செய்கிறாள், விழுவதற்கு முன்னும் செய்தாள், பின்னும் செய்கிறாள்.

"பயப்படாதேம்மா, மெதுவா" என்றார் மாமனார்.

"பிடிச்சிருக்கேன் மாமா" என்றாள் அவள். ஈரத் தரையில் முதலில் தன் காலை ஊன்றிப் பார்த்துவிட்டு, பிறகு அவரை ஒரு அடி எடுத்து வைக்கச் சொன்னாள்.